அரை அடி உயரம்

"இருக்கறதுலயே பெரிய டயரா போடுங்க" என்றார் பெரியவர். எழுபத்தாறு வயதில் குரலில் அப்படி ஓர் உறுதி.

ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்த மெக்கானிக் சிரித்துவிட்டான். "என்ன சார், மலையேறற பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கீங்களா?"

பெரியவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுக் காகிதத்தை எடுத்துப் பிரித்து, அதைப் படித்துவிட்டுத்தான் பேசினார். "முப்பத்துமூணு இஞ்ச் டயர். ஸ்பிரிங்கையும் மாத்தி உயர்த்தணும்."

"அவ்வளவு பெருசு போட்டா, ஸ்டியரிங் ஒடிக்கறப்ப டயர் உள்பக்கம் உரசும் சார். அச்சு முனையில இருக்கற ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல ஸ்பேசர்னு ஒரு வளையம் வெச்சு, சக்கரத்தைக் கொஞ்சம் வெளிய தள்ளணும். வண்டி காட்டெருமை கணக்கா நிக்கும். ஆனா ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்கும் முன்ன மாதிரி டக்குனு பிடிக்காது. பாத்துத்தான் ஓட்டணும்."

கடைசி வார்த்தைகளைப் பெரியவரின் மகளைப் பார்த்துச் சொன்னான், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்பதுபோல.

 மகள் சுவரோரம் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாகவே அவளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, பள்ளிக்கூடத்திலிருந்து அவள் குழந்தையைக் கூட்டி வரப் போன பெரியவர், வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்துவிட்டார். டீசல் தீர்ந்து வண்டி நின்ற இடம் வீட்டிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டியபோது, பின்சீட்டில் குழந்தை அழுது அழுது ஓய்ந்து தூங்கிப் போயிருந்தது.

"இது யார் வீட்டுக் குழந்தைன்னு தெரியலைங்க" என்றாராம் தாத்தா.

இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் சமர்த்தாகத் தலையாட்டினார். மறுநாள் காலை அவள் எழுந்து வந்து பார்த்தால், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் சாவியை ஒளித்து வைத்தாள். அவர் பூட்டுக்காரரைக் கூட்டி வந்து புதுச் சாவி போட்டுக்கொண்டார். கேட்டால், "எந்த டாக்டர்? எப்பச் சொன்னார்?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். நிஜமாகவே தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வண்டியை விற்றுத் தொலைக்கவும் வழியில்லை. அவள் மாட்டு டாக்டர். கல்லும் சேறுமான பாதைகளில் தொழுவம் தொழுவமாகப் போய் வர, அந்த ஜீப்பை விட்டால் வேறு கதி கிடையாது.

இன்று காலை, "வண்டியை ஒர்க் ஷாப்புக்கு எடும்மா" என்றார். வண்டி அவர் பெயரில் இருந்தது. சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. எடுத்தாள்.

ஜாக்கி ஏறியது. பழைய சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்றிருந்த வளையங்களை ஹப்பில் பொருத்தி, மெக்கானிக் நட்டுகளை முறுக்கினான். யார் வீட்டிலோ நடக்கும் வேலையைப் போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவ கொண்டாங்க. நட்டை மறுபடி இறுக்கணும்" என்றவன், பெரியவரிடம் திரும்பினான். "வண்டி மொத்தமா அரை அடி உயர்ந்துடும் சார். ஏற சிரமப்படுவீங்க. ரெண்டு பக்கமும் கால் வைக்கப் படி போட்டுடட்டுமா?"

பெரியவர் கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். "படி வேண்டாம்."

"அப்பா, முட்டி வலின்னு நீங்க மாடிக்கே வர்றதில்ல" என்றாள் மகள்.

"வேண்டாம்னா வேண்டாம்."

இந்த வயதில் இப்படி ஒரு வீம்பு. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை.

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. ஜாக்கியை இறக்கியதும், பெரியவர் யாரையும் கேட்காமல் நேரே டிரைவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். அவள் பார்த்தாள். எழுந்து தடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் அசையவில்லை.

அவர் காலைத் தூக்கினார். எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை எம்பினார், முட்டி வெடவெடத்தது. மூன்றாம் முறை பிடி நழுவி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. ஓடிப் போய்த் தூக்கினாள். "இதுக்குத்தானே அவர் படி போடறேன்னு சொன்னார்! அப்படி என்னப்பா பிடிவாதம்? விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்கறது?" மூன்று வாரமாக வராத அழுகை இப்போது வந்துவிட்டது.

"நான் வேணா இப்பவே படியை மாட்டிடறேன் சார்" என்று மெக்கானிக்கும் பதறினான்.

பெரியவர் கையைத் தட்டிக்கொண்டார். அண்ணாந்து அந்த டிரைவர் சீட்டைப் பார்த்தார். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவரைப் போல மூச்சு விட்டார்.

"வேண்டாம் தம்பி. சரியா பண்ணியிருக்கீங்க" என்றவர், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டக் கூடாதுங்கறது தினமும் எனக்கு மறந்து போயிடுதும்மா. இனிமே மறந்தாலும் ஏற முடியாது."