முக்காலி மேல் ஒரு வெப்பமானி

"இருபத்தொன்பது! வந்து உன் கண்ணாலயே பாரு," என்றார் விசாலாட்சி ஆன்ட்டி, தேர்தல் முடிவை அறிவிக்கும் தோரணையில்.

தாரணி குனிந்து பார்த்தாள். ஆன்ட்டியின் படுக்கையறைக் கதவை ஒட்டிக் கிடந்த குட்டை முக்காலியின் மேல் வெப்பமானி கொலுவிருந்தது. இருபத்தொன்பதேதான்.

"சிங்கப்பூர்ல மே மாசத்து மத்தியானச் சராசரி முப்பத்திரண்டு. பேப்பர்லயே போட்டிருக்கான். நம்ம வீட்ல அதைவிட மூணு கம்மி. அப்புறம் என்ன லா, இந்த வருஷம் வெயில் ஓவரு, ஓவருன்னு பாட்டு?"

தாரணி அந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த நர்ஸ். வேலை இரவில், தூக்கம் பகலில். மார்சிலிங் வட்டாரத்து அடுக்குமாடி புளோக்கின் கடைசி மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். காற்றாடியைப் போட்டால் அது வெந்நீர் ஆவியை அள்ளி முகத்தில் வீசும்.

அவள் அறையில் ஏர்கான் உண்டு. அதன் ரிமோட் மட்டும் ஆன்ட்டியின் அறையில் இருந்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஆன்ட்டியின் சட்டம். அந்த நேரத்தில் தாரணி ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்பதும் ஆன்ட்டிக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மே மாதம் அவள் கெஞ்சிக் கூத்தாடியதில் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. வெயில் சராசரியைத் தாண்டினால் பகலிலும் ஏர்கான் உண்டு. தாண்டியதா என்று வெப்பமானி சொல்லும். வெப்பமானி எங்கே இருக்க வேண்டும் என்று ஆன்ட்டி சொல்வார்.

"வெயில் படாம, தரையோரமா இருக்கணும். அப்பத்தான் சரியாக் காட்டும்," என்று, தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்த கையோடு அதை அந்த முக்காலியில் பிரதிஷ்டை செய்துவிட்டார். சாமிகூட என்றைக்காவது மனம் இரங்கும். இது இரங்கவே இல்லை.

"எனக்குத் தூக்கமே இல்ல ஆன்ட்டி. நேத்து வார்டுல ஊசி மருந்தை மாத்தி எடுத்துட்டேன். சீனியர் பாத்துத் தடுத்துட்டாங்க. இன்னொரு வாட்டி நடந்தா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க. வேலை போனா இங்க தங்குற பர்மிட்டும் போயிடும்."

"அதுக்கு வெயில் என்ன பண்ணும்? போனை நோண்டாமப் படுத்தாத் தூக்கம் தானா வரும். ஆமா, நீ எந்த ஊரு?"

"வேலூர்."

"வேலூரு! அங்க நாப்பத்திரண்டு டிகிரில வெந்து வளர்ந்துட்டு, இங்க வந்து மூக்கால அழுவுறே. என்னைப் பாரு. அறுபத்தேழு வயசு. எனக்கு வேர்க்குதா?"

வேர்க்கவில்லைதான். தோளில் கம்பளிச் சால்வை வேறு. கேட்டால் மூட்டு வலி என்பார். மே மாத மத்தியானத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு, பவுடர்கூடக் கலையாமல் நிற்கிற மனுஷியைப் பார்க்கப் பார்க்கத் தாரணிக்குத் தன் உடம்பின் மேலேயே சந்தேகம் வந்தது. பிறந்த ஊரின் மானத்தை வாங்குகிறோமோ என்றுகூட நினைத்தாள்.

இருந்தும் மனசு கேட்கவில்லை. வெப்பமானியைச் சட்டென்று எடுத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தாள். வாசலுக்குப் போவதற்குள் முப்பத்தொன்று காட்டியது.

"ஆன்ட்டி, பாருங்க! ஏறுது!"

"கையில புடிச்சா ஏறாம என்ன பண்ணும்? உன் உடம்புச் சூடு. நர்ஸுக்குப் படிச்சவதானே, இதுகூடத் தெரியாது?" ஆன்ட்டி அதைப் பிடுங்கி மறுபடியும் முக்காலியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது சமர்த்தாக இருபத்தொன்பதுக்கு இறங்கியது. "பாத்தியா? யார் பொய் சொல்றாங்கன்னு இப்பத் தெரியுதா?"

தாரணி தலை குனிந்தாள். முக்காலியின் பக்கத்தில் தரை பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. அந்தக் காலத்து மொசைக், அதன் குணம் அப்படி என்று ஆன்ட்டி அடிக்கடி பீற்றிக்கொள்வார்.

அழைப்பு மணி அடித்தது. தாரணி போய்க் கதவைத் திறந்தாள். தோளில் ஏணியும் கையில் பம்ப்புமாக ஓர் இளைஞன் நின்றிருந்தான். சட்டைப் பையில் அசோக் என்ற பெயரட்டை.

"ஏர்கான் ரிப்பேர், சிஸ்டர். விசாலாட்சி ஆன்ட்டி வீடுதானே?"

வாயால் இப்படித் திட்டித் தீர்த்துவிட்டு, தாரணியின் அறை ஏர்கானைச் சரிபார்க்க ஆளையும் வரச் சொல்லியிருக்கிறாரே! இத்தனை நாளும் மனசுக்குள் இந்த அம்மாவை என்னவெல்லாம் வைதோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி," என்று திரும்பினாள்.

ஆன்ட்டியின் நெற்றியில் முதல் முறையாக வியர்வை துளிர்த்திருந்தது. "உன்னை யாருப்பா இப்ப வரச் சொன்னது? ஏழு மணிக்கு மேல, இந்தப் பொண்ணு வேலைக்குப் போனப்புறம் வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பக்கத்து புளோக்ல வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி, அதான் அப்படியே வந்துட்டேன்," என்றான் அசோக். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், இரண்டு அறைக் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ராத்திரி பகலா நிறுத்தாம ஓடித் தண்ணி சொட்டுதுன்னு சொன்னீங்களே, உங்க ரூம் எது ஆன்ட்டி?"