துடைக்காத நாற்காலி

வாசலில் கிடக்கும் கறுப்பு ரெக்சின் நாற்காலியைத் துடைக்க, பவுனம்மா பழக்கத்தில் முந்தானையோடு குனிகிறாள். ராயபுரத்தின் இந்தத் தெருவில் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் முந்திய மரியாதை அது. காலையில் துடைத்த இடத்தில் மதியத்துக்குள் துறைமுகக் கரித்தூள் மையாகப் படிந்துவிடும். அக்கா மகள் மலர் அந்த முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். கனடாவிலிருந்து வந்து மலர் இங்கே தத்தெடுத்த பெண்குழந்தை அவள் இடுப்பில் விரல் சப்புகிறது. விசாரணை அதிகாரி தாமோதரன் கையெழுத்துப் போட்டால்தான் அதற்குப் பாஸ்போர்ட். அவரோ மாதக்கணக்கில் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இன்று சலவை வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் சகிதம் எழுந்தருளி, சிம்மாசனத்தில் அமர்வதுபோல் அமர்கிறார். “சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழாம்மா. தாமதமில்லாச் சேவைக்குப் பொன்னாடை போத்துறாங்க. இங்கேருந்து நேரா மேடைதான்.”

“நல்லா சாஞ்சு உக்காருங்க சார்,” என்கிறாள் மலர். குரலில் தேன் சொட்டுகிறது.

அவர் சாய்கிறார், முதுகைத் தேய்த்துச் சொகுசும் பார்க்கிறார். “உங்க கேஸை அடுத்த மாசம் பார்ப்போம். குழந்தை வளர்க்கிறவங்களுக்குப் பொறுமை வேணும்.”

எழுந்து நடக்கிறார். முதுகில் ஒரு கரிய மேகமும் அதன் கீழே இரண்டு கரிய பூசணிகளும் வெயிலில் மெல்ல அசைந்து போகின்றன. குழாயடியில் பெண்கள் குடங்களை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மலர் குழந்தையின் கையைத் தூக்கி டாட்டா காட்டுகிறாள்.

“பாவம்மே, கூப்ட்டு சொல்லிடவா?” என்கிறாள் பவுனம்மா.

“அடுத்த மாசம் சொல்லிக்கலாம் சின்னம்மா.”