குதிரையைத் தொட்ட விரல்

“டாக்டரம்மா, அந்தக் குதிரையை மட்டும் தொட்டுடாதீங்க!”

செஸ் கிளப் வாசலிலேயே பல் டாக்டரை மறித்துக்கொண்டு காதைக் கடித்தார் செயலாளர்.

உள்ளே மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தபடி காத்திருந்தார். செஸ் புத்தகங்களில் அவர் பெயரிலேயே ஒரு தொடக்க ஆட்டம் உண்டு. கறுப்புக் காய் வந்தால் அவர் ஆடுவது அது ஒன்றுதான்.

அதில் ஓர் ஓட்டை இருப்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் காய்க்காரர் துணிந்து ஒரு குதிரையைப் பலி கொடுத்தால் போதும், கறுப்பு ராஜா நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஆனால், யாரும் கொடுப்பதில்லை. பெரிய மனுஷர். அவர் பெயர் வைத்த ஆட்டத்தை அவர் கண் முன்னாலேயே உடைப்பதா?

“இன்னிக்கு ஜெயிச்சாத்தான் எனக்கு டீம்ல இடம் சார். ஏற்கெனவே ரெண்டு தடவை கை நழுவிப் போச்சு.”

“டீம் எங்கேயும் ஓடிப் போயிடாது. அவருக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேர் ஒண்ணுதான். போன மாசம் நானே விட்டுக்கொடுத்தேன், தெரியுமா?”

டாக்டர் உள்ளே போய் வெள்ளைக் காய்களின் பக்கம் உட்கார்ந்தார்.

மாஸ்டர் வழக்கம்போல அதையே ஆடினார். அந்த இடமும் வந்தது.

டாக்டரின் கை குதிரையை நோக்கிப் போய், அந்தரத்தில் நின்றது. தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். பின்னாலிருந்து செயலாளர் இருமினார். மாஸ்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் குதிரையைத் தொட்டது.

அதற்குப் பிறகு ஆட்டம் நீளவில்லை. மாஸ்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கைகூடக் குலுக்கவில்லை.

“இப்ப திருப்திதானே? சொத்தைப் பல்லைப் பிடுங்கற மாதிரி அவர் மானத்தைப் பிடுங்கிட்டீங்க!” என்று பொரிந்தார் செயலாளர்.

டாக்டர் சாய்ந்து கிடந்த ராஜாவை நிமிர்த்தி வைத்தார். “நான்... ஆடினேன் சார். அவ்வளவுதான்.”

கதவு திறந்தது. முகம் கழுவிய ஈரத்தோடு மாஸ்டர்.

“தப்பா நினைக்காதேம்மா. கண்ணு கலங்கிடுச்சு, அதான் எழுந்து போயிட்டேன்.”

“மன்னிச்சுடுங்க சார்...”

“எதுக்கு? அந்த ஓட்டையை நான் கண்டுபிடிச்சே பல வருஷமாச்சு.”

மாஸ்டர் மறுபடி தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“எதிர்ல உட்கார்றவங்க கை குதிரைகிட்ட வரும். என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. பாவமா இருக்கும்போல. உடனே சிப்பாயைத் தள்ளிடுவாங்க. என்ன செயலாளரே, சரிதானே?”

செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னிக்காவது ஒருத்தர் தொடமாட்டாங்களான்னுதான் விடாம அதையே ஆடிக்கிட்டிருந்தேன். அப்பாடா!”

மாஸ்டர் டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

“எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தாம்மா என்கூட ஒருத்தர் செஸ் ஆடியிருக்காங்க!”