மூத்தவளுக்கு வருடாந்திரச் சோதனை

சோதனை அதிகாரி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பிடிமானமே இல்லாமல் அது கையோடு மேலே வந்தது.

காருக்கு வெளியே நின்ற மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

இன்று இந்தக் கார் தேறக் கூடாது.

சுவரோரத்து பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. தகுதிச் சான்றுக்கு வரும் நாளில் மட்டும் அவர் மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார்.

மகளைவிட வயதில் மூத்த கார் அது. வீட்டில் அதற்குப் பெயரே மூத்தவள்தான். அம்மா வைத்தது. "உங்கப்பா மூத்த சம்சாரத்தைக் குளிப்பாட்டிட்டிருக்கார், இப்ப சாப்பிடக் கூப்பிடாதே" என்பாள், இருந்தவரை.

போன மாதம் மருந்துக்கடை முனையில் அப்பா சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார்.

அன்று மழை.

கண் டாக்டரிடம் போக மாட்டார். சாவியைக் கேட்டால் சண்டை. தினமும் அதே பேச்சு, அதே கோபம். அவளுக்கு அலுத்தே போய்விட்டது. கடைசியில் ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: மூத்தவள் ஒரே ஒரு தடவை சோதனையில் தோற்கட்டும், அந்த நிமிஷமே சாவி உன் கையில்.

மூத்தவள் இதுவரை தோற்றதே இல்லை என்ற தெம்பில் விட்ட வார்த்தை. ஆனால் அப்பா வார்த்தை மாற மாட்டார்.

அதனால்தான் நேற்று அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, மகள் ஸ்பேனரை எடுத்து ஹேண்ட்பிரேக்கின் நட்டைத் தளர்த்தினாள். வேறு எதையும் தொடவில்லை. தொடத் தெரியவும் தெரியாது.

காலையில் இங்கே வந்து நிறுத்தும்போது அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கியரில் போட்டுவிட்டு இறங்கி, வழக்கம்போல பானெட்டைத் திறந்து, துணியால் உள்ளே ஒரு துடை துடைத்து மூடினார்.

பிரேக் தளர்ந்ததுகூடத் தெரியாத அளவுக்குப் போய்விட்டாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி காரைத் தூக்கும் மேடையில் ஏற்றி உயர்த்தினார். டார்ச் அடித்துக்கொண்டு அடியில் போனார், தட்டினார், சக்கரங்களை அசைத்துப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனை வண்டிக்கடியில் குனிந்தாரோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

"இந்த வயசு வண்டின்னா அடித்தகடு துருப்பிடிச்சு உதிரும். டயர்ல வெடிப்பு இருக்கும், ஸ்டியரிங் ஆடும். இதுல ஒண்ணுமே இல்ல சார். என் முட்டியைவிட நல்லா இருக்கு."

அப்பா தலையசைத்தார். மற்ற வருடங்களில் இந்த இடத்தில் சிரிப்பார்.

"ஹேண்ட்பிரேக்தான் கொஞ்சம் லூசு. இதுக்கெல்லாம் போய் பெயில் போடுவாங்களா?"

அதிகாரி பையிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். இரண்டு சுற்று. ஹேண்ட்பிரேக் கிண்ணென்று நின்றது.

இத்தனை சுலபமா?

அதிகாரி காரைக் கீழே இறக்கி, பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது மகள் ஓட்டுநர் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மிதிங்க மேடம்."

"மிதிச்சிட்டுதான் இருக்கேன்."

பின்னால் விளக்கு எரியவில்லை.

அதிகாரி பானெட்டைத் திறந்து சிறிது நேரம் பார்த்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கண்ணாடிக் குழாய் மாதிரியான பழைய ஃபியூஸ். அந்த வகை அவரிடம் இல்லை. ஆனாலும் பெயில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"ஸ்பேர் வெச்சிருப்பீங்களே சார்? போடுங்க, இப்பவே பாஸ் போட்டுடறேன்."

வைத்திருப்பார். அப்பா ஒரு மிட்டாய் டப்பா நிறைய வைத்திருப்பார். டாஷ்போர்டு அறைக்குள் கிடந்து வழியெல்லாம் கலகலத்துக்கொண்டே வந்ததே. மகள் தோற்றுப்போன கையால் அந்த அறையைத் திறந்தாள்.

ஒரு துடைக்கும் துணி. அம்மாவின் கறுப்புக் கண்ணாடி.

டப்பா இல்லை.

"தீர்ந்துபோச்சு" என்றார் அப்பா பெஞ்சிலிருந்து. அவர் யாரையும் பார்க்கவில்லை.

அதிகாரி உச்சுக்கொட்டினார். தேறவில்லை என்று எழுதி, ஃபியூஸ் போட்டு நாளைக்கே கொண்டுவரச் சொன்னார்.

அப்பா எழுந்து வந்தார். மகள் இறங்கப் போனாள். அதற்குள் அவர் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அந்த இருக்கையில் அவரை அவள் பார்த்ததே இல்லை.

சாவி அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, பானெட்டைத் திறந்து, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

கலகலவென்று சத்தம் கேட்டது.

பானெட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போய் நின்று, மிதி என்று கையைக் காட்டினார். மிதித்தாள். விளக்கு எரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தார். மிட்டாய் டப்பாவை டாஷ்போர்டுக்குள் வைத்து மூடினார்.

"கிளம்பு" என்றார். பிறகு, சாலையைப் பார்த்தபடியே, மெதுவாக:

"ஸ்பேனரை எடுத்தா, எடுத்த இடத்துல வைக்கணும்மா."