நிஷாந்தியின் முதல் சவாரி

புகை கக்காத பேட்டரி ஆட்டோவை வாங்கி, சுற்றுலாச் செயலியில் பதிந்து இரண்டு வாரமாகியும் நிஷாந்திக்கு ஒரு சவாரிகூட வரவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஆட்டோ?" என்று கோபித்துக்கொண்ட அப்பா சின்னத்தம்பி, அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

சனிக்கிழமை காலை போன் ஒலித்தது. இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க இரண்டு பேர். ஏறும் இடம் தேயிலைத் தோட்டத்துச் சந்தி. பெயர் 'டூரிஸ்ட்'.

வெள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டு போனவள், அங்கே பட்டுச்சேலையில் அம்மா ராக்காயியும் வெள்ளை வேட்டியில் அப்பாவும் நிற்பதைக் கண்டு திகைத்தாள்.

"கோயிலுக்குன்னுதானே கெளம்புனீங்க? எனக்கு இப்ப சவாரி இருக்கும்மா."

"நாங்கதாண்டி அந்தச் சவாரி!" என்று அம்மா சிரித்தாள். "உங்கப்பாதான் மூணு நாளா போனைத் தடவித் தடவி புக் பண்ணாரு. இவ்வளவு காலமா இங்கேயே கொழுந்து பறிக்கிறோம், ஒரு நாளாச்சும் நீர்வீழ்ச்சியைப் போய்ப் பார்த்தோமா?"

நிஷாந்திக்குக் கண் நிறைந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"நம்ம லயத்து வீடுங்க பக்கமா சுத்திப் போம்மா. இந்த வண்டி சத்தமே போடாது போல. ஹோர்ன நல்லா அடி, எல்லாரும் பார்க்கட்டும்."