தும்மலுக்குப் பிறகு

கோகிலவாணியின் மூக்கில் வளர்ந்திருந்த சதையைத் தின்ன டாக்டர் உள்ளே விட்ட மூக்குப்பூச்சி, அத்தனையையும் தின்று முடித்து, காலையில் ஒரு தும்மலோடு வெளியே வந்து விழுந்தது. அரிசிக் குறுணை அளவுதான் இருந்தது. கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க அதை டப்பாவில் பத்திரப்படுத்தினாள். சிறுவயதிலிருந்து வாயால் மூச்சுவிட்டவள், மூக்கால் இழுத்து இழுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் கணவன் தயாளனோ தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். ஆம்பூர்த் தோல் ஷாப்பில், தோல் ஊறும் தொட்டியில் அவனுக்கு வேலை. குளித்தாலும் போகாத அந்த நாற்றத்துக்காகவே பெண் பார்த்த இடமெல்லாம் கைவிரித்தார்கள். வாசனையே தெரியாத இவள்தான் சரியென்றாள்.

அன்று மாலை ஷாப்பிலேயே தேய்த்துக் குளித்து, சந்தன சோப்பும் பவுடருமாக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் கிட்டே வந்து அவன் கழுத்தோரம் முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

"நாறுதா வாணி?"

"சோப்புதான் மணக்குது. உங்களக் காணமே!"

அவன் பையிலிருந்த அழுக்குச் சட்டையை உருவி முகத்தில் பொத்தி, நெஞ்சு நிறைய இழுத்தாள். இருமினாள். கண்ணில் நீர் கொட்டியது. சட்டையை மட்டும் விடவில்லை.

தயாளன் அந்த டப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.