எழுபத்தெட்டு

எட்டு மாதத்துக்கு முன் பாய்லர் மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்பிய மேனேஜர், போனில் குழைந்தார். அன்று “யோவ்” என்றவருக்கு இன்று “அண்ணே” வந்திருந்தது.

“அண்ணே, பழசை மறந்துட்டு நாளைக்கே வந்துடுங்க. புது ஆளுங்க பாய்லர் கிட்டவே போக மாட்டேங்கிறாங்க.”

“நாளைக்கு எப்படி சார்? ஒன்பதுக்கு அங்கே இருக்கணும். லேட்டானா மேடம் வெளியே நிறுத்திடுவாங்க.”

போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விட்டதென்று மேனேஜர் முடிவு கட்டினார்.

“அங்கே எவ்வளவு?”

“முதல்ல நாற்பத்திரண்டு. இப்போ எழுபத்தெட்டு.”

“எழுபத்தெட்டாயிரமா? சரி, நான் எண்பது தர்றேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். எட்டு மாதமாக அவள் தையலில்தான் வீடு ஓடியது. வேண்டாமென்று அவளே தலையை ஆட்டினாள்.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எழுபத்தெட்டு சம்பளமில்லை சார், கணக்குல என் மார்க். பத்தாவது தேறலைன்னுதானே என்னை அனுப்புனீங்க? இப்போ பள்ளிக்கூடம் போறேன். பரீட்சை முடிச்சு சர்டிபிகேட்டோட வர்றேன், சம்பளத்தை அப்போ பேசிக்கலாம். அந்த எண்பதை மட்டும் பரீட்சையில நானே வாங்கிக்கிறேன்.”